காய்ச்சலின் முதல் நாளைப் புரிய வைத்த அலிக் ஐசக்ஸ்

தென்மேற்குப் பருவப்பெயர்ச்சி மழை வலுக்கும் மாதங்களில் நோட்டன் பிரிட்ஜ் பகுதியிலிருந்து வரும் செய்திகள் பெரும்பாலும் இரண்டு வகைப்பட்டவை. விமலசுரேந்திர நீர்த்தேக்கம் நிரம்பி வான் பாய்கிறது, ஆற்றின் தாழ்வான கரைகளில் வாழும் மக்கள் அவதானமாக இருக்க வேண்டும் என்பது ஒன்று. தோட்ட லயங்களில் காய்ச்சலும் தடிமனும் பரவியிருக்கின்றன என்பது மற்றையது. முதலாவது செய்தியில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. மேலே நீர்மட்டம் உயர்வதைக் கண்டவர்கள் கீழே இருப்பவர்களுக்கு முன்கூட்டியே சொல்லி விடுகிறார்கள். கீழே இருப்பவர்கள் தத்தமது பொருள்களை மேட்டுக்கு ஏற்றிக் கொள்கிறார்கள். இரண்டாவது செய்திக்குள்ளும் ஏறத்தாழ இதே ஒழுங்கு மறைந்திருக்கிறது என்பதை நம்மில் பலர் அறியோம். வைரசு புகுந்த ஒரு கலம், தான் அழிந்து போவதற்கு முன்னதாகவே அயலிலுள்ள கலங்களுக்கு எச்சரிக்கை அனுப்பி விடுகிறது. அந்த எச்சரிக்கைக்கு இன்டர்பெரோன் என்று பெயர். 1957ஆம் ஆண்டில் அதனை உலகறியச் செய்த இருவருள் மூத்தவர் அலிக் ஐசக்ஸ். நாற்பத்தைந்து ஆண்டுகள் மட்டுமே வாழ்ந்து மறைந்த அந்த மருத்துவ அறிஞரின் வாழ்க்கை, மழைக்காலக் காய்ச்சலோடு ஆண்டுதோறும் மல்லுக்கட்டும் மலையகத்தவராகிய நாம் அறிந்திருக்க வேண்டிய ஒன்றாகும்.

வைரசுக்கு எதிரான உடலின் காப்பைப் பற்றிப் பேசும்போது உடனே நம் நினைவுக்கு வருவது தடுப்பூசிதான். ஒரு முறை கண்ட சின்னமுத்து மறுமுறை காணாது என்பதை நமது பாட்டிமார் அனுபவத்தால் அறிந்திருந்தனர். பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பக்தாதிலும் ரய் நகரிலும் வைத்தியம் பார்த்த அல்-ராஸி, பெரியம்மையும் சின்னமுத்தும் வேறு வேறு நோய்கள் எனப் பிரித்துக் காட்டித் தனி நூலொன்றே எழுதினார். ஆயினும் தடுப்பூசியும் பாட்டிமாரின் அனுபவமும் நினைவில் வைத்திருக்கும் காப்பைப் பற்றியவையே. வந்த பகைவனை இனங்கண்டு, அவனுக்கென்றே அளவெடுத்த பிறபொருளெதிரிகளைச் செய்து முடிக்க உடலுக்கு ஒரு வார காலமாவது வேண்டும். வைரசோ ஒரு சில மணித்தியாலங்களில் ஒன்று பலவாகப் பெருகிவிடக் கூடியது. அவ்வாறாயின் அந்த முதல் வாரத்தில் மனிதனைக் காப்பது யார்?

பிறக்கும்போதே நம்முடன் வருகின்ற, எந்தப் பகைவனையும் முன்பின் அறியாமலே எதிர்க்கின்ற காவல் ஒன்று உண்டு. அதனைப் பிறவி நிர்ப்பீடனம் என்பர். நுண்ணுயிர்களை விழுங்கும் கலங்களை 1882இல் நட்சத்திர மீனின் குடம்பியில் கண்டு இந்தத் துறைக்கு வழி திறந்தவர் ரஷ்ய நாட்டு அறிஞர் மெச்னிகோவ். எனினும் வைரசு வெளியில் நின்று போரிடும் பகைவன் அன்று. அது கலத்துக்குள்ளேயே புகுந்து, அந்தக் கலத்தின் இயந்திரங்களைக் கொண்டே தன்னைப் படியெடுத்துக் கொள்கிறது. வீட்டுக்குள் ஒளிந்திருப்பவனைத் தெருக்காவலன் எப்படிப் பிடிப்பான்? இந்தக் கேள்விக்கு விடை கிடைக்க மேலும் எழுபத்தைந்து ஆண்டுகள் செல்ல வேண்டியிருந்தது.

அலிக் ஐசக்ஸ் 1921ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் திகதி ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பிறந்தார். அவரது தந்தைவழிப் பாட்டனார் லித்துவேனியாவிலிருந்து குடிபெயர்ந்து வந்த யூதர். பிழைப்புத் தேடிக் கடல் கடந்து வந்தவரின் பேரன் மூன்றாம் தலைமுறையில் பல்கலைக்கழகம் புகுந்து மருத்துவரானார் என்பது, கண்டிச் சீமைக்கு நடந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகளாகிய நமக்கு வியப்பூட்டும் செய்தியல்ல. ஆனால் அதற்கு எவ்வளவு உழைப்புத் தேவை என்பது நமக்குத் தெரியும்.

1944இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்ற ஐசக்ஸுக்கு நோயாளர்களைப் பார்க்கும் தொழிலில் மனம் ஒட்டவில்லை. அவரது நாட்டம் ஆய்வுகூடத்தின் பக்கம் திரும்பியது. 1947இல் ஷெஃபீல்ட் நகருக்குச் சென்று இன்புளுவென்சா வைரசை ஆராயத் தொடங்கினார். மறு ஆண்டே ரொக்பெல்லர் நிதியத்தின் புலமைப்பரிசில் கிடைத்து அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ண் நகருக்குப் பயணமானார். அங்கே அவருக்கு வாய்த்த ஆசான், பின்னாளில் நோபல் பரிசு பெற்ற மக்ஃபார்லேன் பேர்னெட். 1949இல் ஐசக்ஸ் மணந்து கொண்ட சுசானா அம்மையாரும் மருத்துவரே. அவர் சிறுவர் உளநலத் துறையில் தமக்கெனத் தனிப்பெயர் ஈட்டியவர். 1950களின் தொடக்கத்தில் இலண்டன் மாநகரின் வட எல்லையிலுள்ள மில் ஹில்லில் தேசிய மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தில் ஐசக்ஸ் நிலைகொண்டார். உலக சுகாதார நிறுவனத்தின் உலக இன்புளுவென்சா நிலையம் அந்த நிறுவகத்தில்தான் இயங்கியது. எந்த நாட்டில் புதிய காய்ச்சல் தலைகாட்டினாலும் அதன் மாதிரி அங்கு வந்து சேரும்.

மெல்பேர்ணிலிருந்தே ஐசக்ஸின் மனத்தை அரித்துக் கொண்டிருந்தது ஒரு பழைய புதிர். ஒரு வைரசு தொற்றிய உடலில் இன்னொரு வைரசு எளிதில் தொற்றுவதில்லை. 1937இல் பின்ட்லே, மக்கலம் என்னும் இரு ஆய்வாளர்கள், பிளவுப் பள்ளத்தாக்குக் காய்ச்சல் வைரசு ஏற்றப்பட்ட குரங்குகள் மஞ்சட் காய்ச்சலுக்குப் பலியாகாமல் தப்பியதைக் கண்டிருந்தனர். ஒன்று மற்றதற்கு இடையூறு செய்கிறது என்பது தெரிந்தது. எப்படிச் செய்கிறது என்பது தெரியவில்லை. பேருந்தில் முதலில் ஏறியவர் ஆசனத்தைப் பிடித்துக் கொள்வது போல, முதல் வைரசு கலத்தின் வாசலை அடைத்துக் கொள்கிறது என்றுதான் அன்று பலரும் எண்ணினர்.

1956இல் சுவிற்சர்லாந்திலிருந்து ஜீன் லிண்டன்மன் என்ற முப்பத்திரண்டு வயது மருத்துவர் ஓராண்டுப் பயிற்சிக்காக மில் ஹில் வந்தார். அவருக்கும் இதே புதிரில் ஆர்வம். பேச்சு வாக்கில் இதை அறிந்து கொண்ட இருவரும் சேர்ந்து வேலை செய்யத் தீர்மானித்தனர். அவர்கள் செய்த பரிசோதனையின் கருவிகள் மிக எளியவை. அடைகாக்கப்பட்ட கோழிமுட்டையின் ஓட்டுக்கடியில் முளையத்தைச் சூழ்ந்துள்ள மென்சவ்வைத் துண்டு துண்டாக எடுத்தனர். வெப்பமூட்டிச் செயலிழக்கச் செய்த இன்புளுவென்சா வைரசை அதனுடன் ஒரு நாள் ஊற விட்டனர். பின்னர் உயிருள்ள வைரசை இட்டபோது அது வளரவில்லை. இதுவரை பழைய கதைதான். புதிய கதை அடுத்த படியில் பிறந்தது. சவ்வு ஊறிக் கிடந்த நீர்மத்தை மட்டும் எடுத்து, வைரசையே கண்டிராத புத்தம்புதிய சவ்வின் மீது இட்டுப் பார்த்தனர். அந்தச் சவ்விலும் உயிருள்ள வைரசு வளரத் தவறியது.

வாசலை அடைக்க அங்கே முதல் வைரசு இல்லை. ஆகவே தடுத்தது வைரசு அன்று. தாக்கப்பட்ட கலங்களே ஏதோ ஒரு பொருளைச் சுரந்து வெளியே விட்டிருக்கின்றன, அந்தப் பொருள்தான் அயற் கலங்களுக்குக் காப்பளித்திருக்கிறது. இடையூறு என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொல்லிலிருந்து அதற்கு இன்டர்பெரோன் எனப் பெயரிட்டனர். 1957இல் அரச கழகத்தின் இதழில் இரு கட்டுரைகள் வெளிவந்தன. நீதியாகச் சொல்வதானால், ஜப்பானில் நகானோ, கொஜிமா என்ற இருவர் 1954இலேயே முயல்களில் இதையொத்த ஒரு தடுப்புப் பொருளின் தடத்தைக் கண்டிருந்தனர். அவர்களது கட்டுரை பிரெஞ்சு மொழியில் வெளிவந்தமையாலோ என்னவோ உலகின் கண்ணில் அது படவில்லை.

1957ஆம் ஆண்டு நமக்கு இன்னொரு வகையிலும் நினைவிலிருக்க வேண்டிய ஆண்டு. சீனாவில் தொடங்கி ஹொங்கொங், சிங்கப்பூர் என்று பரவிய ஆசியக் காய்ச்சல் உலகைச் சுற்றி வந்த ஆண்டு அது. மலாயாவுக்கும் சென்னைக்கும் இடையே தமிழ்த் தொழிலாளர்களையும் முஸ்லிம் வணிகர்களையும் பல்லாண்டு காலம் ஏற்றி இறக்கிய ரஜுலா கப்பல், அந்த ஆண்டு மே மாதத்தில் காய்ச்சற்காரர்களுடன் சென்னைத் துறைமுகத்தை அடைந்தது. அடுத்த சில மாதங்களில் இந்தியாவில் 44 இலட்சத்துக்கும் அதிகமானோர் நோயுற்றதாகவும் ஆயிரத்துக்கும் அதிகமானோர் இறந்ததாகவும் பதிவாயிற்று. உலகளவில் இறந்தோர் தொகை பத்து இலட்சத்தைத் தாண்டியதாக மதிப்பிடப்படுகிறது. இந்தியாவில் அந்த வைரசை ஆராய்ந்த இன்புளுவென்சா நிலையம் இருந்த இடம் நீலகிரியின் குன்னூர் பாஸ்டர் நிறுவகம். 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின்னர் நமது உறவுகள் பலர் போய்க் குடியேறிய அதே தேயிலை மலைகள்தாம் அவை. குன்னூர் போன்ற நிலையங்களின் வலைப்பின்னலுக்கு நடுவில் இருந்தது ஐசக்ஸ் பணியாற்றிய மில் ஹில். வெளியே ஒரு வைரசு கண்டம் விட்டுக் கண்டம் தாண்டிக் கொண்டிருந்த அதே மாதங்களில், உள்ளே கோழிமுட்டைச் சவ்வில் அதற்கெதிரான உடலின் முதல் ஆயுதம் பெயர் பெற்றுக் கொண்டிருந்தது.

கண்டுபிடிப்பு உடனே மாலை மரியாதையைக் கொண்டு வந்துவிடவில்லை. அமெரிக்க ஆய்வாளர் சிலர் இன்டர்பெரோன் என்ற சொல்லையே திரித்து, தவறாக விளங்கிக் கொள்ளப்பட்ட ஒன்று எனப் பொருள்படும் கேலிப்பெயர் சூட்டினர். அவர்களை முற்றாகக் குறை கூறவும் முடியாது. ஐசக்ஸின் கையிலிருந்தது ஒரு பொருளன்று, ஒரு விளைவு மட்டுமே. அந்த நீர்மத்தில் இன்டர்பெரோன் இருந்த அளவு, நிறுத்துப் பார்க்க முடியாத அளவுக்கு அற்பமானது. அதைத் தூய்மைப்படுத்தும் வழி எவருக்கும் தெரிந்திருக்கவில்லை. மறுபுறத்தில் பத்திரிகைகளோ வைரசுகளுக்கான பெனிசிலின் கிடைத்துவிட்டது போலக் கொண்டாடின. 1960இல் அமெரிக்கப் படக்கதை ஒன்றில், அயல் உலகக் கிருமி தொற்றிய விண்வெளி வீரர்கள் இன்டர்பெரோன் ஊசியால் பிழைத்துக் கொண்டனர். பூமியிலிருந்த நோயாளருக்கோ அது கிடைக்க இன்னும் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் இருந்தது.

பெனிசிலின் விடயத்தில் காப்புரிமை கைநழுவிப் போனதை மறவாத பிரித்தானியா, இம்முறை முந்திக் கொண்டு காப்புரிமை பெற்றது. மூன்று பெரிய மருந்துக் கம்பனிகளைக் கூட்டுச் சேர்த்தது. 1962இல் தொண்டர்களின் கையில் நடத்திய சோதனையில், இன்டர்பெரோன் ஏற்றிய தோலில் அம்மைப்பால் வைரசு பெரும்பாலும் பிடிக்காமற் போனது நம்பிக்கையூட்டியது. அதைத் தொடர்ந்து தடிமனுக்கு எதிராகச் செய்த சோதனை தோற்றது. மருந்து பயனற்றது என்பதால் அன்று, கொடுத்த அளவு போதாமையால் தோற்றது என்பது 1970களில் போதிய அளவு கொடுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

நமது பார்வையில் ஐசக்ஸின் பெருமை பெயர் சூட்டியதில் மட்டும் இல்லை. அந்தப் பொருள் உடலில் எப்போது, எதற்காகத் தோன்றுகிறது என்று அவர் தொடர்ந்து கேட்டதில் இருக்கிறது. 1960இல் ஹிட்ச்கொக் என்பவருடன் சேர்ந்து, இன்புளுவென்சா கண்ட எலிகளின் நுரையீரலை நாளுக்கு நாள் ஆராய்ந்தார். வைரசு உச்சத்தை அடையும் நாட்களிலேயே இன்டர்பெரோனும் உச்சத்தில் இருந்தது. வைரசு குறையத் தொடங்கிய பின்னரே பிறபொருளெதிரிகள் தலைகாட்டின. நோயைத் திருப்பி விட்டவர் பின்னால் வந்தவர் அல்லர், முன்னால் நின்றவர் என்பதற்கு இது தெளிவான சான்று. மூன்றாண்டுகள் கழித்து இன்னும் துணிச்சலான கருத்தொன்றை முன்வைத்தார். கலம் வைரசை இனங்காண்பது அதன் வெளித்தோலைக் கொண்டன்று, அது கொண்டு வரும் அந்நிய நியூக்கிளிக் அமிலத்தைக் கொண்டே என்பது அந்தக் கருத்து. அதற்கு அவர் காட்டிய சான்றுகள் உறுதியற்றவை என்று மற்றவர்கள் ஒதுக்கினர்.

இக்காலத்தில் அவரது சொந்த வாழ்வு நலிந்து கொண்டிருந்தது. 1958 முதல் கடுமையான மனச்சோர்வு அவரை இடையிடையே ஆட்கொண்டது. எழுச்சியும் தளர்ச்சியும் மாறி மாறி வந்தன. அந்த நிலையிலும் 1961இல், தம் ஆசானுக்கு நிகரான அன்ட்ரூஸ் ஓய்வு பெற்றபோது, அவரது இடத்தில் பிரிவுத் தலைவர் பொறுப்பு ஐசக்ஸைத் தேடி வந்தது. 1964 ஜனவரியில் மூளையில் இரத்தக் கசிவு ஏற்பட்டது. ஓரளவு தேறி எழுந்த அவர் நிருவாகப் பொறுப்பை விட்டு, இன்டர்பெரோன் ஆய்வுக்கென்றே ஒதுக்கிய ஆய்வுகூடமொன்றைப் பார்த்துக் கொண்டார். 1966இல் அரச கழகத்தின் அங்கத்துவம் அவருக்குக் கிட்டியது. 1967 ஜனவரி 26ஆம் திகதி அவர் காலமானார்.

பிற்காலத்தில் இன்டர்பெரோன் ஊசி ஏற்றப்பட்ட நோயாளர் பலருக்கு மனச்சோர்வு ஒரு பக்கவிளைவாக வந்தது என்பதை வைத்து, ஐசக்ஸின் நோயையும் இதனுடன் முடிச்சுப் போட்டுக் கதை சொல்வோர் உளர். அதற்கு ஆதாரம் கிடையாது. மனநோயை ஒரு குறையாகவோ மர்மமாகவோ பார்க்கும் பழக்கத்திலிருந்து இத்தகைய கதைகள் பிறக்கின்றன. நோயோடு வாழ்ந்து கொண்டே அவர் வேலை செய்தார் என்பதே உண்மை.

அவர் மறைந்த அதே 1967இல், அமெரிக்காவில் ஹில்லெமன் என்பவரது குழுவினர், இரட்டை இழை ஆர்.என்.ஏ. கலத்துள் புகுந்தால் இன்டர்பெரோன் சுரக்கிறது என்று நிறுவினர். மனிதக் கலத்தில் இயல்பாகப் பெருமளவில் காணப்படாத இந்த இரட்டை இழை, பல வைரசுகள் பெருகும்போது உண்டாவது. ஐசக்ஸின் ஒதுக்கப்பட்ட கருத்து சாரத்தில் சரியாயிற்று. 2001க்கும் 2004க்கும் இடையில், அந்த அந்நிய இழையைத் தொட்டுணரும் புரதங்கள் ஒவ்வொன்றாக இனங்காணப்பட்டன.

இன்று நாம் அறிந்தவாறு நடப்பது இதுதான். வைரசின் ஆர்.என்.ஏ.யைக் காவற் புரதம் உணர்ந்ததும் கலத்தின் கருவுக்குத் தகவல் போகிறது. இன்டர்பெரோன் உருவாகி வெளியேறுகிறது. அயற் கலத்தின் மேற்பரப்பிலுள்ள ஏற்பியில் அது பொருந்தியவுடன், அந்தக் கலத்தில் உறங்கிக் கிடந்த நூற்றுக்கணக்கான பரம்பரை அலகுகள் விழித்துக் கொள்கின்றன. அவற்றுள் ஒன்று வைரசின் ஆர்.என்.ஏ.யைத் துண்டாடும் கத்தரியைத் தீட்டி வைக்கிறது. இன்னொன்று புரதம் செய்யும் தொழிற்சாலையையே நிறுத்தி விடுகிறது. கலம் பட்டினி கிடந்தாலும் பரவாயில்லை, பகைவனுக்கு உணவு கிடைக்கக்கூடாது என்ற ஏற்பாடு. இரத்தத்தில் சுற்றித் திரியும் இயற்கைக் கொல்கலங்கள் எனப்படும் வெண்குழியங்களும் இன்டர்பெரோனால் உசுப்பப்பட்டு, தொற்றுக்குள்ளான கலங்களைத் தேடி அழிக்கின்றன.

இவ்வளவும் இலவசமாக நடைபெறுவதில்லை. உடலெல்லாம் அடித்துப் போட்டாற் போன்ற நோவு, குளிர் நடுக்கம், பசியின்மை, எழுந்து நிற்கவே மனமில்லாத அசதி ஆகியவற்றின் பெரும்பகுதி வைரசு நேரடியாகச் செய்வதன்று. இன்டர்பெரோனும் அதன் கூட்டாளிகளும் எழுப்பும் போர்க்கால நிலையே அது. இதற்கு மறுக்க முடியாத சான்று, பின்னாளில் ஈரல் அழற்சிக்காகத் தூய இன்டர்பெரோன் ஊசி பெற்றவர்கள். எந்தத் தடிமன் வைரசும் தொற்றாமலே அவர்களுக்குக் காய்ச்சலும் மூட்டு நோவும் வந்தன.

நோட்டன் பிரிட்ஜ் முதல் மஸ்கெலியா, டிக்கோயா வரையிலான மலைகளில் இந்த உண்மைக்கு ஒரு தனிப் பொருள் இருக்கிறது. அதிகாலையில் பிரட்டுக்களத்துக்குப் போனால்தான் அன்றைய பேர். நிறை குறைந்தால் அரைப் பேர். வருகை நாட்களோடு பிணைத்த கொடுப்பனவுகள் தோட்டக் கூட்டு ஒப்பந்தங்களில் ஆண்டுக்கணக்காக இடம்பெற்றிருந்தன. ஆகவே காய்ச்சலின் முதல் நாளில் கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக் கொண்டு மழைக்குள் மலையேறுவது நமது தாய்மாருக்குப் பழகிப்போன ஒன்று. அசதி என்று படுத்தவளைச் சோம்பேறி என்பதும் பழகிப்போன ஒன்றே. அந்த அசதி உடல் தானே எடுக்கும் நடவடிக்கை என்பதை ஐசக்ஸின் வழிவந்த ஆய்வுகள் காட்டுகின்றன. அம்மை கண்ட வீட்டில் வேப்பிலை செருகி நோயாளியைத் தனியே கிடத்தும் வழக்கத்திலும், நோயுற்றவர் ரமழான் நோன்பைப் பிறிதொரு நாளுக்குத் தள்ளிக் கொள்ளலாம் என்ற இஸ்லாமிய விதியிலும் ஓய்வுக்கு இடமிருக்கிறது. இடமில்லாதது செக்றோலில் மட்டுமே.

குளிரில் நனைந்தால் தடிமன் பிடிக்கும் என்று பெரியவர்கள் சொன்னால் படித்த பிள்ளைகள் சிரிப்பதுண்டு. தடிமனுக்குக் காரணம் வைரசு, குளிரன்று என்பது சரியே. எனினும் 2015இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தார் எலியின் சுவாசக் குழாய்க் கலங்களில் ஆராய்ந்தபோது, 37 பாகை வெப்பத்தை விட, குளிர்ந்த மூக்கினுள் நிலவும் 33 பாகை வெப்பத்தில் தடிமன் வைரசு நன்கு பெருகியது. காரணம், குளிரில் இன்டர்பெரோன் எச்சரிக்கை மந்தமாகி விடுகிறது. அதே ஆண்டில் 164 பேரை வைத்துச் செய்த மற்றோர் ஆய்வில், ஆறு மணித்தியாலத்துக்கும் குறைவாகத் தூங்குபவர்களுக்கு, ஏழு மணித்தியாலத்துக்கு மேல் தூங்குபவர்களை விட நான்கு மடங்குக்கு மேல் தடிமன் பிடித்தது. காலை நான்கு மணிக்கே எழுந்து அடுப்பு மூட்டும் பெண்கள் அந்த ஆய்வுக்கு உட்பட்டவர்கள் அல்லர். ஆனால் அது யாரைப் பற்றிப் பேசுகிறது என்பது நமக்குப் புரிகிறது.

வைரசுகளும் சும்மா இருப்பதில்லை. டெங்கு வைரசு தன் புரதம் ஒன்றைக் கொண்டு, இன்டர்பெரோனின் செய்தியைக் கலத்தின் கருவுக்குக் கொண்டு செல்லும் தூதுப் புரதத்தையே அழித்து விடுகிறது. எச்சரிக்கை ஒலிக்கிறது, கேட்பவர் காது அடைக்கப்பட்டு விடுகிறது. 2017இல் இலங்கையில் 1,86,000க்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவானதை நாம் மறந்துவிடவில்லை. காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினால் வைத்தியரிடம் செல்ல வேண்டும், டெங்கு ஐயம் இருக்கும்போது பரசிட்டமோல் தவிர அஸ்பிரின், ஐபுபுரோபன் போன்றவற்றைத் தொடக்கூடாது என்று வைத்தியர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். முதற் காவல் தோற்ற இடத்தில் இரத்தக்கசிவு ஆபத்து காத்திருக்கிறது.

கொவிட் காலத்தில் இன்டர்பெரோன் மீண்டும் பேசுபொருளாயிற்று. 2020இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்று, உயிராபத்தான நிலையை அடைந்த நோயாளருள் குறைந்தது நூற்றுக்குப் பத்துப் பேரின் இரத்தத்தில், சொந்த இன்டர்பெரோனையே முடக்கும் பிறபொருளெதிரிகள் இருந்ததைக் காட்டியது. ஒரே வைரசு ஒருவருக்குத் தடிமனாகவும் இன்னொருவருக்கு மரணமாகவும் அமைந்ததற்கான காரணங்களுள் இதுவும் ஒன்று. அதே ஆண்டில், வைத்தியசாலையில் சேர்ந்த நோயாளருக்கு இன்டர்பெரோன் ஏற்றி உலக சுகாதார நிறுவனம் நடத்திய சோதனையில் இறப்புக் குறையவில்லை. 2023இல் வெளியான பிரேசில், கனடா நாடுகளின் சோதனையிலோ, நோய் கண்ட முதல் ஒரு வாரத்துக்குள் வேறு வகை இன்டர்பெரோன் ஒரேயொரு ஊசி பெற்றவர்களிடையே வைத்தியசாலை செல்லும் தேவை ஏறத்தாழ அரைவாசியாகக் குறைந்தது. வெள்ளம் வீட்டுக்குள் புகுந்த பின் எச்சரிக்கை ஒலிப்பதில் பயனில்லை அல்லவா?

நோய் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் என்று விற்கப்படும் பாணிகளையும் பொடிகளையும் பற்றியும் இவ்விடத்தில் ஒரு வார்த்தை. 2020 டிசெம்பரில் கேகாலைப் பகுதியில் அப்படியொரு பாணிக்காக ஆயிரக்கணக்கானோர் முண்டியடித்ததை நாடே பார்த்தது. இன்டர்பெரோன் கூடுதலாகச் சுரந்தால் நல்லது என்பதும் பிழை. அளவு மீறி, காலம் தாழ்த்தி எழும் அதே எதிர்ப்புத்தான் நுரையீரலைச் சேதப்படுத்துகிறது.

மருந்தாக இன்டர்பெரோன் நடந்து வந்த பாதையைச் சுருக்கமாகச் சொல்லி விடலாம். பின்லாந்தில் காரி கன்டெல் என்பவர் இரத்த தானத்தில் மிஞ்சிய வெண்குழியங்களிலிருந்து பல்லாண்டுகள் அதைப் பிரித்தெடுத்தார். 1980 அளவில் அதன் பரம்பரை அலகு பற்றீரியாவுக்குள் புகுத்தப்பட்ட பின்னரே போதிய அளவு கிடைத்தது. 1986இல் ஒருவகைக் குருதிப் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பின்னர் பி, சி வகை ஈரல் அழற்சிகளுக்கும் நரம்பு மண்டல நோயொன்றுக்கும் அது பயன்பட்டது. சி வகைக்கு 2013 முதல் வந்த மாத்திரைகள் அதன் இடத்தைப் பிடித்துக் கொண்டன. இன்டர்பெரோன் கண்டுபிடிப்புக்கு நோபல் பரிசு வழங்கப்படவே இல்லை.

லிண்டன்மன் பற்றியும் சொல்ல வேண்டும். பயிற்சி முடிந்து 1957இல் தாய்நாடு திரும்பிய அவர், ஐசக்ஸைப் போல இன்டர்பெரோனையே தொடர்ந்து கொண்டிருக்கவில்லை. 1960களின் தொடக்கத்தில், இன்புளுவென்சாவால் சாகாத விசித்திரமான ஓர் எலி இனத்தை அவர் கண்டார். அந்த எதிர்ப்புக்கு ஒரேயொரு பரம்பரை அலகே காரணம் என்று அறிந்தார். அது எப்படி வேலை செய்கிறது என்பது இருபதாண்டு காலம் புலப்படவில்லை. 1980 அளவில் அவரும் அவரது மாணவர் ஒட்டோ ஹல்லரும் அந்த எலிகளின் இன்டர்பெரோனை முடக்கிப் பார்த்தபோது, எலிகள் சாதாரண எலிகளைப் போலவே மடிந்தன. அந்தக் காப்புப் புரதம், அயற் கலத்திலிருந்து இன்டர்பெரோன் வந்து எழுப்பினாலன்றி வேலை செய்யாத ஒன்று. மனிதருக்குள்ளும் அதன் உறவுப் புரதம் இன்புளுவென்சாவைத் தடுத்து நிற்கிறது. லிண்டன்மன் தொண்ணூறு வயது வரை வாழ்ந்து 2015 ஜனவரியில் காலமானார். ஐசக்ஸ் இறந்து அப்போது நாற்பத்தெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.